கயலைத் தூங்க விடாத இரண்டு நாட்கள்

என் மகளைத் தூங்க விடாமல் வைத்திருப்பதற்காகத்தான் நான் திருவக்கரையைப் பார்த்தேன். மண்டகப்பட்டையும் தளவானூரையும் பார்த்தது அதற்காகவே. சிற்பம் தெரிந்தவர்களும் கல்வெட்டு படிப்பவர்களும் இதில் புதிதாக ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம். பார்த்ததில் பாதியை நான் ஒரு குழந்தையின் இமைகளுக்கு மேலாகத்தான் பார்த்தேன்.

கயலுக்கு இரண்டேகால் வயது. நாங்கள் இருப்பது ஓசூரில். திண்டிவனத்துக்கு வந்தது அவளுடைய காதுகுத்துக்கு. குலதெய்வக் கோவிலில் என் அண்ணன் மடியில் அவளை உட்கார வைத்திருந்தோம். ஆசாரி ஊசியை எடுத்த நேரம் பம்பை மேளம் உச்சத்தில் இருந்தது. யாரோ பத்தடி தள்ளி சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். அங்கிருந்த குழந்தைகள் எல்லாம் அலறிக்கொண்டு அம்மாக்களின் இடுப்பில் ஏறின. கயல் மட்டும் பலூன்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாரு, வெடிக்கே அசையல. நம்ம வூட்டு சிங்கம்!” என்றார் என் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊசி இறங்கியபோதுதான் அவள் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே, அவள் ஏன் முன்னமே அழவில்லை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு பந்தியில் என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

மறுநாள் ஒரு காது மருத்துவரிடம் காட்டினோம். “பெரா எடுத்துடலாம்மா, ஊகிச்சிக்கினு இருக்க வேணாம்” என்றார். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர்களை ஒட்டி, காதுக்குள் டக் டக் என்று ஒலியை அனுப்பி, அது மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று கம்ப்யூட்டரில் பார்க்கும் பரிசோதனை அது. அதற்குக் குழந்தை அயர்ந்து தூங்க வேண்டும். விழுப்புரத்தில் இருக்கும் பரிசோதனை மையத்தில் வியாழக்கிழமை மூன்று மணிக்கு நேரம் கொடுத்தார்கள். போனில் பேசிய பெண் தெளிவாகச் சொன்னாள்: முந்தின நாள் தாமதமாகத் தூங்க வையுங்கள், விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிவிடுங்கள், மூன்று மணி வரை கண் மூட விடாதீர்கள். “முக்கியமா, வர்ற வழியில தூங்க விட்டுடாதீங்க.”

என் கணவருக்கு ஷிப்ட். புதன்கிழமையே ஓசூர் திரும்பிவிட்டார். என்னோடு வந்தது அவருடைய அம்மா. எனக்கு மாமியாராவதற்கு முன்பே அவர் எனக்கு அத்தை. என் அம்மாவின் அண்ணன் மனைவி. சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று பேசி முடித்த கல்யாணம் எங்களுடையது.

கார் ஓட்டியவர் செல்வம். ஐம்பது வயதிருக்கும். புதுச்சேரிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களை இந்தப் பக்கத்துக் கோட்டைக்கும் குகைக்கும் ஏற்றிப்போய்ப் பழகியவர். எங்கள் நிலைமையைக் கேட்டதும் அவர்தான் யோசனை சொன்னார்.

“வண்டி ஓடினா புள்ள தூங்கிடும்மா. இன்ஜினு தாலாட்டு மாதிரி. ஹைவேல ஒரே மிதியா போனா முண்டியம்பாக்கம் வர்றதுக்குள்ள அவுட்டு. காலைலயே கெளம்பி, நிறுத்தி நிறுத்தி, எறக்கி ஏத்தி போனாத்தான் ஆவும். எனக்கு எடம் தெரியும். நீங்க வாங்க.”

“டெஸ்ட்டுக்குப் போறதுக்கு டூராப்பா?” என்றார் அத்தை.

“டூரு இல்ல பெரியம்மா, டூட்டி.”

அத்தை உதட்டைப் பிதுக்கினார். அவருக்கு இந்தப் பரிசோதனையே பிடிக்கவில்லை. என் கணவர் மூன்று வயது வரை பேசவில்லை, அப்புறம் பேச ஆரம்பித்து வாயை மூடவில்லை என்று அவர் அந்த வாரத்தில் பல தடவை சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் நான் கொஞ்சம் நம்பினேன்.

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கே வெயில் சுட்டது. ஓசூரில் அந்த நேரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்போம். கூட்டேரிப்பட்டுக்கு முன்பே கயலின் கண் சொருகியது. செல்வம் கண்ணாடியில் பார்த்துவிட்டு, சாலையோரத் தர்பூசணிக் குவியலுக்குப் பக்கத்தில் வண்டியைப் போட்டார். கடைக்காரர் வெட்டிய துண்டை அவள் இரண்டு கையாலும் பிடித்து மூக்குவரை புதைத்துக்கொண்டாள். கவுனெல்லாம் சிவப்பு. பக்கத்தில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் ஒரு விதையைத் துப்பினாள்.

ஓசூரில் எங்கள் தெருவில் லாரி வந்தால் அவள் ஜன்னலுக்கு ஓடுவாள். அதை நினைத்துத்தான் இரண்டு வருடம் தைரியமாக இருந்தேன். லாரி வந்தால் எங்கள் தரை அதிரும் என்பது அந்தத் தர்பூசணிக் கடையில் நின்றபோதுதான் நினைவுக்கு வந்தது.

திருவக்கரையில் முதலில் கல்மரப் பூங்காவுக்குப் போனோம். செம்மண் மேட்டில் பெரிய பெரிய மரங்கள் விழுந்து கிடக்கின்றன. பட்டை இருக்கிறது, கணு இருக்கிறது, அறுத்த இடத்தில் வளையம் வளையமாக ரேகை இருக்கிறது. தொட்டால் கல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மண்ணில் புதைந்து, மரம் இருந்த இடத்தில் துளித்துளியாகக் கல் புகுந்துகொண்டதாம். உருவத்தில் எதுவும் மாறவில்லை. தூரத்தில் இருந்து பார்ப்பவர் நேற்று விழுந்த மரம் என்றுதான் சொல்வார்.

செல்வம் ஒரு மரத்தில் விரல் முட்டியால் தட்டினார். “கேட்டீங்களா? மரம் மாதிரி கீது, மரச் சத்தம் வராது.”

நான் கல்லைப் பார்க்கவில்லை. கயலைப் பார்த்தேன். அவள் செல்வத்தின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றதும் அவள் பார்வை அவர் முகத்துக்குப் போனது. பிறகு அவளும் குனிந்து, தன் முட்டியால் அதே இடத்தில் தட்டினாள்.

“எவ்ளோ புத்தி பாரு!” என்றார் அத்தை. நானும் இத்தனை நாள் அதைத்தான் சொல்லிவந்தேன். அவள் எப்போதும் கைகளையும் முகங்களையும் கூர்ந்து பார்ப்பாள். குக்கர் எடை ஆடுவதைப் பார்த்துச் சிரிப்பாள். “ம்மா” என்று ஒரு சத்தம் போடுவாள். அதை அம்மா என்று நான் எல்லோருக்கும் போன் செய்து சொல்லியிருந்தேன்.

அங்கிருந்து கோவில். அமாவாசையோ பௌர்ணமியோ இல்லாததால் கூட்டமே இல்லை. இந்தக் கோவிலில் ஒரு விசித்திரம் உண்டு. கோபுரம், கொடிமரம், நந்தி, கருவறை எதுவும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன. கட்டியவர்கள் தெரிந்தே அப்படிக் கட்டினார்கள் என்கிறார்கள். செல்வம் கயலை வாசலில் நிறுத்தி, அவள் பின்னால் குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடி அளந்து காட்டினார். “என் கல்யாணத்துல போட்டோகிராபர் எடுத்த க்ரூப் போட்டோ மாதிரியே கீது” என்றார்.

வக்கிரகாளி சன்னதியில் எண்ணெய் விளக்கு விற்கும் பெண் எங்கள் கூடவே வந்து கதை சொன்னாள். “வலது காதப் பாத்தீங்களா? காதுல தொங்கறது இன்னா தெரிதா? கொழந்த! அசுரனோட தங்கச்சி முழுகாம இருந்தா. அவளக் கொல்லணும், வயித்துல கீற புள்ளைக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. அதான் புள்ளய எடுத்து காதுல போட்டுக்கினா.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். பிறகு கயலின் காதைப் பார்த்தேன். புதுத் தோட்டைச் சுற்றிச் சிவந்து, மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் காய்ந்து ஒட்டியிருந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஒன்றும் இருக்கக் கூடாது என்று கேட்பதா, இருந்தால் சீக்கிரம் தெரிய வேண்டும் என்று கேட்பதா? இரண்டையும் கேட்டால் சாமிக்கே குழப்பம் என்று தோன்றியது.

திரும்பினால் அத்தை பக்கத்தில் இல்லை. வெளியே கடை ஒன்றில், நேர்ந்துகொண்டவர்கள் உண்டியலில் போடும் வெள்ளித் தகட்டு உருக்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். தூணுக்கு இந்தப் பக்கம் நான் நிற்பது அவருக்குத் தெரியவில்லை.

“காது இருக்காம்மா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“கண்ணு கீது, கை காலு கீது, தொட்டிலு கீது. காது தீந்துடிச்சே.”

“நல்லாத் தேடிப் பாரேன்.”

“தேடிட்டேங்க. யாரும் கேக்க மாட்டாங்க, அதான் ரெண்டு வாங்கி வச்சிருந்தேன். வித்துப் போச்சி.”

அத்தை குழந்தைக்கான தொட்டில் உரு ஒன்றை வாங்கிக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி காருக்குப் போய்விட்டேன். மூன்று வயதில்தான் பேசினான் என்று மறுபடி மறுபடி சொன்னவர் இவர்தான். அவர் சொன்னதில் இனி எனக்கு நம்புவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

வழியில் ஒரு கூழ்க்கடை. கேப்பைக் கூழ், கருவாட்டுக் குழம்பு, மோர் மிளகாய். அத்தை இரண்டு சொம்பு குடித்தார். கயல் என் தோளில் சாய்ந்தாள். நான் அவளை இறக்கி நிறுத்தி, ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தேன். மறுபடி சாய்ந்தாள். மறுபடி நிறுத்தினேன். அவள் உடம்பை வளைத்துக்கொண்டு கத்தினாள்.

கடைக்கார அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “இன்னா பொம்பள நீ? புள்ள சொக்குது, படுக்கப் போடாம ஆட்டம் காட்டிக்கினு கீற! இதுங்கல்லாம் போனப் பாத்துக்கினே புள்ள வளக்குதுங்க.” சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ‘ஐயோ பாவம்’ என்பார்கள். திட்டே தேவலை என்று விட்டுவிட்டேன்.

வளவனூர் தாண்டி, கோலியனூரை நெருங்கும்போது மணி இரண்டரை. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர். வண்டி ஊர்ந்தது. முன்சீட்டில் அத்தையின் தலை கண்ணாடிப் பக்கம் சரிந்திருந்தது. செல்வம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயலின் கண் மூடியது, திறந்தது, மூடியது. எழுப்ப வேண்டும் என்று என் கை போனது. போன கை அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டது.

களைப்பால் அப்படிச் செய்தேன் என்று சொல்லலாம். இரக்கத்தால் என்றும் சொல்லலாம். உண்மை என்னவென்றால், அவள் இப்போது தூங்கிவிட்டால் அங்கே போய்த் தூங்க மாட்டாள், தூங்காவிட்டால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது, இன்னும் ஒரு நாள் நான் எதுவும் தெரியாதவளாக இருக்கலாம் என்று மிகத் தெளிவாக நினைத்துத்தான் செய்தேன். பதினைந்து நிமிடம் தூங்கினாள். விழுப்புரம் வந்ததும் தூக்கினேன். பூ மாதிரி விழித்தாள்.

மையத்தில் இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள். “சொந்தத்துல கல்யாணமா?”

“இல்லைங்க, அசல்தான்” என்றார் அத்தை. பேனா அதை எழுதிக்கொண்டது. நான் குனிந்து கயலின் கவுனை இழுத்துவிட்டேன்.

கயல் தூங்கவில்லை. இருட்டறை, ஏசி, தொட்டில், பால் எதற்கும் மசியவில்லை. ஒயர்களைப் பிய்த்து விளையாடினாள். ஐந்து மணி வரை பார்த்துவிட்டு அந்தப் பெண் விளக்கைப் போட்டாள். “வர்ற வழியில தூங்கினாளா?”

“இல்ல” என்றேன். அன்றைக்கு அந்த அறையில் சொன்ன இரண்டாவது பொய்.

“சனிக்கிழமை வாங்க” என்றாள். கோபப்படவில்லை.

திரும்பும்போது செல்வம்தான் வருத்தப்பட்டார். “என் தப்புதாம்மா. ரூட்டு நீட்டிட்டேன். சனிக்கிழமை செஞ்சி வழியா சுத்திக்கினு வர்றேன். அங்கல்லாம் பாறை. ஏற விட்டோம்னா கண்ணு மூடாது.” நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கணவர் போனில் கேட்டபோது, குழந்தை தூங்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை செஞ்சிக் கோட்டையில் குரங்குகள்தான் எங்களுக்கு உதவின. கல்யாண மகாலின் எதிரே புல்தரையில் ஒரு தாய்க்குரங்கு கயலின் பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சுவரில் உட்கார்ந்து, குட்டிக்குக் கொடுக்காமல் தானே தின்றது. கயல் சிரித்த சிரிப்பில் பள்ளிக்கூடச் சுற்றுலாவாக வந்திருந்த பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். அந்த மகாலைப் பற்றி என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: அடுக்கடுக்காக மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் கூம்பாக முடிகிறது. மேல் அடுக்கு வரை தண்ணீர் ஏற்றியிருந்தார்களாம். எப்படி என்று ஒரு மாணவி தன் ஆசிரியையிடம் கேட்டாள். பதிலைக் கேட்பதற்குள் கயல் அடுத்த குரங்கை நோக்கி ஓடினாள்.

பதினொன்றரைக்கு மண்டகப்பட்டு. கையில் காகிதப் பொட்டலத்தில் வேகவைத்த மல்லாட்டை, நிலக்கடலைதான். உரிக்கக் கொடுத்தால் கயலின் கண் திறந்திருக்கிறது என்று அத்தை கண்டுபிடித்திருந்தார். ஏரிக்கரையை ஒட்டிய பாறையில் குடைந்த சின்னக் கோவில் அது. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் வாயிற்காவலர்கள். உள்ளே கனத்த சதுரத் தூண்கள். பின்சுவரில் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்குமாக மூன்று அறைகள். மூன்றும் காலி. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இதை உண்டாக்கியதாகப் பல்லவ மன்னன் ஒருவன் கல்லில் எழுதி வைத்திருக்கிறான்.

“அதெல்லாம் பில்டப்பும்மா” என்றார் செல்வம். “செங்கல் இல்ல, மரம் இல்ல, இரும்பு இல்ல, சுண்ணாம்பு இல்ல. பின்ன எப்படி கட்டினான்? கட்டவே இல்ல! இருக்கிற மலைய நோண்டினான். ஒரு கல்லு வாங்கல, ஒரு மூட்டை எறக்கல. நம்மூரு கன்ட்ராக்டருங்களுக்கு இவன்தான் குரு.”

அத்தைகூடச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு கொடுத்த உற்சாகத்தில், எல்லா விருந்தாளிகளுக்கும் செய்து காட்டுவதை செல்வம் எங்களுக்கும் செய்துவிட்டார். தூண்களுக்கு நடுவில் நின்று, வாயைச் சுற்றிக் கையைக் குவித்து, “ஓய்ய்!” என்று கத்தினார். பாறை அதை வாங்கி மூன்று அறைக்குள்ளும் உருட்டித் திருப்பிக் கொடுத்தது. மேலே ஒதுங்கியிருந்த புறாக்கள் சடசடவென்று பறந்தன. வெளியே மேய்ந்துகொண்டிருந்த ஆட்டுக்குட்டி தாயிடம் ஓடியது.

கயல் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மல்லாட்டைத் தோல்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கை நிற்கக்கூட இல்லை.

செல்வத்தின் கை வாயருகிலேயே இருந்தது. “தப்பு பண்ணிட்டேம்மா” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கார் பக்கம் போய்விட்டார்.

நான் தூணடியில் உட்கார்ந்தேன். கல் குளிர்ந்து கிடந்தது. அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அத்த, அன்னைக்கி கோலியனூர்கிட்ட அவ தூங்கினா. நான்தான் எழுப்பல. வேணும்னேதான்.”

“தெரியும்.”

“நீங்க தூங்கிட்டிருந்தீங்களே.”

“தூங்கல. கண்ணாடியில பாத்துக்கினுதான் இருந்தேன்.” அத்தை புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நீ எழுப்பிடப் போறியேன்னு பயந்துக்கினு, தூங்கற மாதிரி தலைய சாச்சிக்கினேன். தீபாவளிக்கு ஓசூருக்கு வந்தனே, அப்பவே எனக்கு சந்தேகம் பவி. நீ குளிக்கப் போனா இவ பின்னாடி தட்டப் போடுவேன். சொம்பப் போடுவேன். திரும்பவே மாட்டா. அப்புறம் ஒரு நாளு திரும்பினா. சாமி கண்ணத் தொறந்துட்டான்னு நெனச்சேன். பாத்தா, வெளிச்சத்துல என் நெழலு அவ முன்னாடி விழுந்துகீது.”

“ஏன் சொல்லல?”

“எப்படிச் சொல்றது? வேணாம் வேணாம், அசல்ல பாக்கலாம்னு உங்கம்மா சொன்னா. நான்தான் அடம் புடிச்சி உன்ன எடுத்தேன். ‘என் நாத்தனாரு பொண்ணு, என் வூட்டுக்குத்தான் வரணும்’னு ஊரக் கூட்டி தட்டு மாத்தினேன். இப்ப எந்த வாயால சொல்றது?”

எனக்குக் கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தேன். நாலு மாதம். அவர் தட்டுப் போட்டுக்கொண்டிருந்த அதே வீட்டில், நானும் கதவுக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்திருக்கிறேன். தட்டிவிட்டு, இவள் விளையாட்டில் மும்முரமாக இருக்கிறாள் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர். கோபம் வரவில்லை. “எழுந்திருங்க அத்த, அவ கண்ணு சொக்குது” என்றேன்.

தளவானூரில்தான் கயல் முழுசாக உடைந்துபோனாள். குன்றின் மேல் உள்ள குகைக்கோவில் வாசலுக்கு மேலே, வீட்டு நிலையில் தோரணம் கட்டுவதைப் போல, பாறையிலேயே ஒரு வளைவைச் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு மகரங்களின் வாயிலிருந்து கிளம்பி நடுவில் கூடுகிறது. அந்தக் கல்தோரணத்தின் கீழே என் மகள் தரையில் புரண்டு தூக்கத்துக்காக அழுதாள். அதை மறுக்கிற பாவத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அத்தை அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தார். வழக்கமாக அவர் பேசிக்கொண்டே இருப்பவர். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. கன்னத்தை உப்பினார். கண்ணை உருட்டினார். மூக்கைச் சுருக்கி, நாக்கைத் துருத்தி, ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். அறுபது வயதுக்கு மேற்பட்ட, எப்போதும் கல்யாண வீட்டுச் சம்பந்தி போல விறைப்பாக இருக்கும் என் மாமியார் வாசலில் இருந்த காவலர் சிலைக்கு முன்னால் நின்று குரங்கு மாதிரி தலையைச் சொறிந்து காட்டினார். காலையில் பார்த்த குரங்கு. கயல் விக்கலோடு சிரித்தாள். தன் தலையைச் சொறிந்து காட்டினாள். விழுப்புரம் வரும்வரை இந்தப் பேச்சு ஓயவில்லை. அவள் இமை ஒரு நொடிகூட மூடவில்லை.

மையத்தில் அந்தப் பெண் பழைய படிவத்தை எடுத்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன் அத்தை சொன்னார். “அம்மா, அன்னைக்கி தப்பா சொல்லிட்டேன். இவ என் நாத்தனாரு பொண்ணுதான். சொந்தத்துலதான் கட்டினோம். அடிச்சிட்டு எழுதிக்கோ.”

“அன்னைக்கி வழியில தூங்கவும் தூங்கினா” என்றேன் நான்.

அவள் எங்கள் இருவரையும் பார்த்தாள். “இன்னைக்கி?”

“தூங்க விடல.”

ஒயர் ஒட்டத் தோட்டைக் கழற்ற வேண்டும் என்றாள். ஆறு நாள் காது. இப்போது கழற்றினால் துளை தூர்ந்துவிடும் என்று நான் தயங்கினேன். குலதெய்வத்துக்கு முன்னால், ஊரைக் கூட்டிக் குத்திய காது. அத்தையே குனிந்து திருகைக் கழற்றி, இரண்டு தோட்டையும் முந்தானையில் முடிந்துகொண்டார். “தூந்தா தூரட்டும். மறுபடி குத்திக்கலாம்.”

கயல் என் மடியில் படுத்த ஒரு நிமிடத்தில் தூங்கிவிட்டாள். விளக்கை அணைத்தார்கள். காதுக்குள் வைத்த குழாயின் ஓரத்தில் கசிந்து வந்த டக் டக் என் காதில் விழுந்தது. முதலில் மெதுவாக. பிறகு கொஞ்சம் பலமாக. பிறகு இன்னும் பலமாக. கடைசியில் சுவரில் ஆணி அடிப்பது போல எனக்கே கேட்டது. அவள் மூச்சு மாறவில்லை. திரையில் ஒரு கோடு தட்டையாகவே ஓடியது. அதைப் படிக்க எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெண் மற்ற காதுக்கு மாற்றும்போது என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். அதைப் படிக்கத் தெரியும்.

முடிந்ததும் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “ரெண்டு காதுலயும் குறை இருக்குங்க. மெஷின்ல இருக்கிற அதிகபட்ச சத்தத்துக்கும் பதில் வரல.” காது மெஷின், அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு வருடக்கணக்கில் பேச்சுப் பயிற்சி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சின்ன வயதிலேயே வந்தது நல்லது என்றாள். நான் ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் குறிப்பெடுப்பதைப் போல எண் போட்டு எழுதினேன். அவளைப் ‘பாப்பா’ என்றும் ‘கயல்’ என்றும் ‘செல்லம்’ என்றும் இந்த இரண்டேகால் வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை கூப்பிட்டிருப்பேன் என்று நடுவில் ஒரு நினைப்பு வந்தது. அதற்கு மேல் எழுத முடியவில்லை. அத்தை பேனாவை என் கையிலிருந்து எடுத்து மூடி வைத்தார்.

விளக்கைப் போட்டும் கயல் எழவில்லை. இரண்டு நாள் கடனைத் தீர்ப்பவள் போலத் தூங்கினாள். அப்படியே தோளில் போட்டுக்கொண்டு காருக்கு வந்தேன். செல்வம் என் முகத்தைப் பார்த்தார், அத்தை முகத்தைப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டு, கதவை இரண்டு கையாலும் பிடித்து ஓசை வராமல் சாத்தினார்.

இந்தத் தடவை எங்கும் நிறுத்தவில்லை. நேராக ஹைவே. அத்தை முன்சீட்டுக்குப் போகாமல் பின்னால் வந்து, கயலின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். முண்டியம்பாக்கம் தாண்டியதும் என் கணவர் போன் செய்தார்.

“தூங்கினாளா?”

“ம். தூங்கினா.”

“இன்னா சொன்னாங்க?”

நான் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லும்போது குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. அத்தை என் முழங்கையைத் தொட்டார்.

“மெதுவா பேசும்மா” என்றார் கிசுகிசுப்பாக. “புள்ள முழிச்சிக்கப் போவுது.”

“சரிங்க அத்த” என்று நானும் குரலைத் தாழ்த்தினேன். பின்னால் வந்த பஸ் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு எங்களைக் கடந்துபோனது. “பேமானி, புள்ள தூங்கறது தெரிய வேணாம்?” என்று செல்வம் வாய்க்குள்ளேயே திட்டினார்.

திண்டிவனம் போய்ச் சேரும்வரை நாங்கள் மூன்று பேரும் குரலை உயர்த்தவே இல்லை.